வீட்டுக்காரர் வந்துகொண்டிருக்கிறார்

வருகிறேன் என்று சொல்லிவிட்டு வராதவர்களுக்கென்று நரகத்தில் ஒரு தனி அறை இருக்க வேண்டும். அங்கே எல்லாருக்கும் இலை போட்டு, தண்ணீர் தெளித்து, சோறு மட்டும் போடாமல் உட்கார வைக்க வேண்டும். என் வீட்டுக்காரர் சின்னையாவின் முதல் வருஷத் திதியன்று, ஒரு பானைச் சோற்றைப் பார்த்துக்கொண்டு கிள்ளானில் எங்கள் வீட்டுச் சமையலறையில் தனியாக நின்றபோது எனக்கு இதுதான் தோன்றியது.

மகன் கிஷன் சிங்கப்பூரில் இருக்கிறான். ஓவர்டைம், லீவு கிடைக்கவில்லை, வீடியோ காலில் கும்பிட்டுக்கொள்கிறேன் என்றான். போனை அப்பாவின் படத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு நின்றேன். அவன் வாயைத் திறந்தபடி அப்படியே உறைந்துபோனான், பிறகு லைன் போய்விட்டது. நாத்தனார் லோகேஸ்வரி சுங்கை பூலோவிலிருந்து குடும்பத்தோடு வருவதாகச் சொன்னவள். பேரனுக்குக் காய்ச்சலாம். பக்கத்து வீட்டார் நீண்ட விடுமுறை என்று முதல் நாளே கேமரன் மலைக்குக் கிளம்பிவிட்டார்கள். போகட்டும், அவர்களையெல்லாம் மன்னித்துவிடலாம். சிவநேசனை மட்டும் மன்னிக்க முடியாது.

சிவநேசன் என் வீட்டுக்காரரின் கூட்டாளி. பிரிக்ஃபீல்ட்ஸில் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கம்பெனியில் லோரி ஓட்டினார்கள், சனிக்கிழமை சாயங்காலமானால் ஒரே மேசையில் ஸ்டவுட் பீர் குடித்தார்கள். எங்கள் பக்கத்தில் படையல் என்றால் செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் இலைக்கு வந்துவிடும். அதில் வெட்கம் பார்ப்பதில்லை. ஆட்டிறைச்சிப் பிரட்டல், நண்டு, பொரித்த கெம்போங் மீன், ஒரு பெட்டி சிகரெட், அவருடைய பெரிய கிளாஸில் ஸ்டவுட். வைத்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு கொஞ்ச நேரம் வெளியே நிற்போம். அவர் வந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். பிறகு உள்ளே போய் இலையில் இருப்பதை நாம் பகிர்ந்து சாப்பிட வேண்டும். கிளாஸில் இருப்பதை வீட்டுக்கு வந்த ஆம்பளைகளில் ஒருவர் எடுத்துக்கொள்வார்.

கருமாதியன்று அதை எடுத்துக் குடித்தவர் சிவநேசன்தான். குடித்துவிட்டு வெறும் கிளாஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார். 'திதிக்கும் நான்தான் அண்ணி எடுப்பேன், வேற யாருக்கும் குடுத்திராதீங்க' என்று சத்தியம் வேறு செய்தார். திதியன்று மத்தியானம் அவரிடமிருந்து வந்தது ஒரு வாட்ஸ்அப். 'சோரி அண்ணி, வயிறு சரியில்லை.'

இலைக்குப் பக்கத்தில் இன்னொன்றும் வைத்திருந்தேன். என் வீட்டுக்காரருடைய கைப்பேசி. தட்டுக்குப் பக்கத்தில் போன் இல்லாவிட்டால் அந்த மனிதருக்குச் சோறு இறங்காது. அவர் போன பிறகும் அந்த நம்பரை நான் சாகவிடவில்லை. மாதாமாதம் டாப்-அப் போடுகிறேன், பேட்டரி இறங்கினால் சார்ஜ் போடுகிறேன். 'யாரும்மா அதுல கூப்பிடப் போறாங்க' என்று கிஷன் கேட்டான். யாரும் கூப்பிட வேண்டாம், அது பாட்டுக்கு இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். அவன் அப்பாவைப் போலத்தான், எதிர்த்துப் பேசமாட்டான், பேச்சை மாற்றிவிடுவான்.

அப்புறம் வந்தது அந்தக் கிளாஸின் பிரச்சினை. சோற்றை மூடி வைக்கலாம், மீனைப் பிரிஜில் வைக்கலாம். நுரை அடங்கிப்போன ஸ்டவுட்டை என்ன செய்வது? சிங்கில் ஊற்றலாமென்று எடுத்துக்கொண்டு போனேன். ஊற்ற மனம் வரவில்லை. வருஷத்துக்கு ஒருநாள் அவரைக் கூப்பிட்டு உட்கார வைத்து, அவருக்கென்று ஊற்றியதைச் சாக்கடையில் கொட்டுவதா? அப்படியே மேசைக்குத் திரும்பி வந்து, அவர் படத்துக்கு எதிரே உட்கார்ந்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நானே குடித்தேன். என் ஆயுளில் அதுதான் முதல் தடவை. இவ்வளவு கசப்பை இத்தனை சந்தோஷமாக எப்படிக் குடித்தார்கள் என்று விளங்கவில்லை.

ஒன்று சொல்ல வேண்டும். அதைக் குடி என்று நான் நினைக்கவே இல்லை. கோயிலில் தீர்த்தம் வாங்கிக்கொண்டால் தண்ணீர் குடித்தேன் என்றா சொல்கிறோம்? எனக்கு அது படையல். கடமையைச் செய்தேன், கிளாஸைக் கழுவிக் கவிழ்த்தேன், அவ்வளவுதான்.

அழுகை வந்தது. அழுது முடிந்ததும் கோபம் வந்தது. வயிறு சரியில்லையாமே, வயிற்றுக்கு மருந்தை நானே கொண்டுவருகிறேன் என்று டிஃபன் கேரியரில் சோற்றையும் கறியையும் திணித்தேன். இலையைச் சுற்றி இருந்ததை எல்லாம் ஒரே அள்ளாக அள்ளி, கேரியரோடு சேர்த்துத் துணிப்பையில் போட்டேன். சிகரெட்டும் சிவநேசனுக்குப் போய்ச் சேர வேண்டியதுதான். எதை அள்ளினேன், எதை விட்டேன் என்று பார்க்கிற நிலையில் நான் இல்லை. வாசலுக்கு வந்து வேனை எடுத்தேன்.

வேன் என்றால் பள்ளிக்கூட வேன். சின்னையாவுக்கு லோரி, எனக்கு வேன். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர் அவர்தான், பின்பக்கம் எடுக்கும்போதெல்லாம் கத்தியவரும் அவர்தான். காலையில் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போய்த் தமிழ்ப்பள்ளியில் இறக்குவேன், மத்தியானம் திருப்பிக் கொண்டுவந்து விடுவேன். ஜனகா என்று ஒரு பெண், இரண்டாம் வகுப்பு. தினமும் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்ததும் ராத்திரி கண்ட கனவைச் சொல்லுவாள். பாதி அப்போதே கட்டிச் சொல்வது என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் அப்புறம் என்னா, அப்புறம் என்னா என்று கேட்டுக்கொண்டே ஓட்டுவேன். சின்னையா போன பிறகு என்னிடம் தினமும் பேசுகிற ஆட்கள் அந்த வேனுக்குள்தான் இருக்கிறார்கள். வீட்டில் டிவி பேசுகிறது, அதைக் கணக்கில் சேர்க்க முடியாது.

ஃபெடரல் ஹைவேயில் ஏறுவதற்கு முன்னால், மேம்பாலத்துக்குக் கீழே ரோடு குறுகியது. ஆரஞ்சுக் கூம்புகள், நீல விளக்கு, ஒரு கூடாரம். ரோட்பிளாக். நீண்ட விடுமுறை என்றால் போலீஸ் பொழுது சாயும்போதே வந்து நின்றுவிடுகிறார்கள். எனக்கு ஒரு பயமும் இல்லை. பள்ளிக்கூட வேனையும் முக்காட்டுப் பொம்பளையையும் பார்த்தால் கையைக் காட்டிப் போகச் சொல்லிவிடுவார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்ததால் துப்பட்டாவைத் தலையில் போட்டிருந்தேன். கண்ணாடியை இறக்கினேன்.

ஒரு மலாய்ப் பெண் போலீஸ் குனிந்து பார்த்தாள். "டாரி மானா, மக்சிக்?" என்றாள். எங்கிருந்து வருகிறீர்கள் ஆன்டி என்பதுதான். வீட்டிலிருந்து என்றேன். எங்கே போகிறீர்கள் என்றாள். பிரிக்ஃபீல்ட்ஸ் என்றேன். காலையிலிருந்து என்னை யாரும் கேட்காத கேள்விகள். நல்ல பெண்ணாக இருக்கிறாளே என்று நினைத்தேன். தனியாகவா என்று கேட்டாள்.

தனியாகத்தான் என்று சொல்ல வாயைத் திறந்ததும் அவள் முகம் மாறியது. குடித்தீர்களா என்று மெதுவாகக் கேட்டாள். "இல்லை" என்றேன், கோபமாக. என்னைப் பார்த்து அப்படிக் கேட்டதே எனக்கு அவமானம். அவள் ஒரு சின்னக் கருவியை நீட்டி ஊதச் சொன்னாள். நானும் ரோஷத்தோடு ஊதினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. அந்தச் சிவப்பைப் பார்த்த பிறகுதான் கிளாஸ் ஞாபகத்துக்கு வந்தது.

வேனை ஓரம் கட்டினார்கள். சாவியை வாங்கிக்கொண்டார்கள். கூடாரத்துக்குள் மடக்கு நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஒன்றில் ஒரு சீன அங்கிள் கைகளைக் கட்டிக்கொண்டு தூங்கினார். இன்னொன்றில் டை கட்டிய ஒரு பையன் போனில் வக்கீல் வக்கீலென்று யாரையோ கெஞ்சிக்கொண்டிருந்தான். மூன்றாவது நாற்காலி எனக்கு. நான் பிறந்து வளர்ந்த ஊரில், எனக்குத் தெரிந்தவர்கள் நாளெல்லாம் போய்வருகிற ரோட்டில், குடித்துவிட்டு மாட்டியவர்களுக்கான நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்.

தமிழ்ப் போலீஸ் ஒருவரை அழைத்துவந்தார்கள். சட்டையில் விமலன் என்று பெயர். தோளில் கோப்பரல் பட்டை. கிஷனைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். இவரை சார் என்பதா, தம்பி என்பதா என்று எனக்குக் குழப்பமாக இருந்தது.

"என்னா ஆன்டி இது. ஸ்கூல் வேன்ல போயி," என்றார்.

"நான் குடிக்கல சார்."

"மெஷின் சொல்லுதே ஆன்டி. நீங்க என்னா சொல்லப் போறீங்க, இருமல் மருந்தா, டுரியான் பழமா, கேக்கா? எல்லாத்தையும் கேட்டாச்சி."

"படையல்," என்றேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனா நின்றது.

"வீட்ல படையல் போட்டோம். ஸ்டவுட் வச்சோம். எடுத்துக்க ஆள் வரல. கீழ ஊத்த முடியுமா தம்பி? நான் எடுத்துக்கிட்டேன்."

சார் தம்பியாகிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. அவர் தலையைச் சொறிந்தார்.

"எங்க பெரியப்பாவுக்கும் வைப்போம்," என்றார். "அண்ணன்தான் எடுப்பாரு. எடுத்துட்டு அங்கயே படுத்துக்குவாரு, காடி சாவிய அண்ணி முந்தானையில முடிஞ்சி வச்சிக்குவாங்க. நீங்க என்னடான்னா எடுத்துட்டு ஹைவேக்கு வர்றீங்க. யாருக்கு ஆன்டி படையல்?"

வீட்டுக்காரருக்கு என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்த முகம் வந்துவிடும். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, குரலைத் தாழ்த்தி, ஐயோ பாவம் என்று பார்க்கிற முகம். ஒரு வருஷமாகக் கடையில், கோயிலில், பள்ளிக்கூட வாசலில் அந்த முகத்தைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. பொட்டை நான் எடுக்கவில்லை, அதனால் புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத் தெரியாது.

"பெரியவங்களுக்கு," என்றேன்.

அவர் விஷயத்தை ஒளிக்காமல் சொன்னார். வாயில் இருக்கிற வாசம் அடங்கக் கொஞ்ச நேரம் உட்கார வேண்டும். அப்புறம் பெரிய மெஷினில் ஊத வேண்டும். அது எண்ணைக் காட்டும். எண் சட்டம் போட்ட கோட்டைத் தாண்டினால் கைது, கோர்ட், வேன் ஓட்டுகிற லைசன்ஸ் போய்விடும்.

"அப்புறம் பிள்ளைகள ஏத்த முடியாது ஆன்டி," என்றார்.

காசு போனால் கிஷன் அனுப்புவான், அது பெரிதில்லை. திங்கட்கிழமை காலையில் வேறு வேன் வந்து நிற்கும். ஜனகா முன் சீட்டில் ஏறி, ஓட்டுகிறவரிடம் கனவைச் சொல்லத் தொடங்குவாள், அவர் ரேடியோவைச் சத்தமாக வைப்பார். அவள் வாயை மூடிக்கொள்வாள். நான் எழுந்து, குளித்து, உடுத்தி, எங்கேயும் போகாமல் வீட்டில் நிற்பேன். எனக்குப் பயமாக இருந்தது. சின்னையா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது வந்த பயத்துக்குப் பிறகு அப்படியொரு பயம் அன்றுதான் வந்தது.

கூப்பிட்டார்கள். ஊதினேன். மெஷின் யோசித்துக்கொண்டே இருந்தது. விமலன் குனிந்து பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"கோட்டுக்குக் கீழதான் இருக்கு. கொஞ்சம்தான் கீழ. தப்பிச்சீங்க."

கும்பிட்டேன். அவர் என் கையை இறக்கிவிட்டார்.

"இருங்க, இன்னும் முடியல. சட்டப்படி நீங்க போகலாம். ஆனா வாசத்தோட இருக்கிற ஆள்கிட்ட ஸ்கூல் வேன் சாவிய நான் குடுக்க மாட்டேன். எனக்கும் பிள்ளை இருக்கு. யாரையாவது கூப்பிடுங்க, வந்து ஓட்டிட்டுப் போகட்டும். நாங்க இங்க மூடுற வரைக்கும் டைம் இருக்கு. ஆள் வரலைன்னா வேன் ஸ்டேஷனுக்குப் போயிரும். ரிப்போர்ட் எழுதணும். எழுதினா அது லைசன்ஸ் ஆபீசுக்குப் போயி நிக்கும், நானே நெனச்சாலும் தடுக்க முடியாது."

யாரையாவது என்று எவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டார். கைப்பையிலிருந்து என் போனை எடுத்தேன். கிஷன் எடுக்கவில்லை. எடுத்தாலும் சிங்கப்பூரிலிருந்து என்ன செய்வான்? லோகேஸ்வரியின் லைன் பிசி. சிவநேசனுக்கு அடித்தேன், அடித்து அடித்து ஓய்ந்தது. கேமரனுக்குப் போனவர்களைக் கேமரனில் விட்டுவிட்டேன். பிறகு பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனேன். வேன் பிள்ளைகளின் அம்மாக்கள். ஜனகா அம்மா, ஜீவன் அம்மா, கிரிதரன் அம்மா. அவர்களை எப்படிக் கூப்பிடுவது, கூப்பிட்டு என்ன சொல்வது? கேஸ் சிலிண்டர்காரர். மெக்கானிக். ஆஸ்பத்திரி வார்டு நம்பர், இன்னும் அழிக்காமல் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றுமில்லை.

"யாராச்சும் வர்றாங்களா ஆன்டி?" என்று விமலன் தூரத்திலிருந்து கேட்டார்.

அந்தப் பெண் போலீஸ் திரும்பிப் பார்த்தாள். டை கட்டிய பையன்கூடப் பார்த்தான். அவனுக்கு அதற்குள் இரண்டு பேர் வந்துவிட்டார்கள்.

"வீட்டுக்காரர் வரார்," என்றேன்.

எப்படி வந்தது அந்த வார்த்தை என்று கேட்டால் எனக்குத் தெரியாது. இத்தனை வருஷம் எது நடந்தாலும் நான் சொல்லிப் பழகிய பதில் அது. குழாய் உடைந்தால், வேன் நின்றுபோனால், கிஷனைப் பள்ளியில் யாராவது அடித்தால், வீட்டுக்காரர் வரட்டும், வந்து பார்த்துக்கொள்வார். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"எங்க இருக்காரு?"

"ஈப்போவுல லோட் இறக்கிட்டு வரார். லோரி ஓட்டுறார். இப்பதான் தஞ்சோங் மாலிம் தாண்டியிருக்கார்."

"அப்ப நேரமாகும்லா."

"ஆகும். ஆனா வந்துருவார்."

விமலன் தலையாட்டிவிட்டு வண்டிகளைப் பார்க்கப் போனார். சோறு வேனுக்குள் வெந்துபோய்க் கெட்டுவிடும் என்று சொல்லித் துணிப்பையைக் கேட்டேன். பெண் போலீஸ் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். கேரியரின் ஓரத்தில் மசாலா ஒழுகியிருந்தது.

நான் காத்திருந்தேன். பொய் சொல்லிவிட்டோமே, ஆள் வரமாட்டாரே, வேன் போகப் போகிறதே என்று பதறியிருக்க வேண்டும். முதலில் பதறத்தான் செய்தேன். கொஞ்ச நேரத்தில் அது அடங்கிவிட்டது. ரோட்டில் பெரிய விளக்கு தெரியும்போதெல்லாம் நிமிர்ந்து பார்த்தேன். வருஷக்கணக்காக நான் செய்த வேலைதானே இது. ஈப்போவிலிருந்து வரும்போது அவர் சுங்கை பூலோவில் கண்டிப்பாக நிறுத்துவார். தே தாரிக் குடித்துவிட்டு, 'வல்லி, ரைஸ் குக்கரத் தட்டு' என்று போன் பண்ணுவார். புஷ்பவல்லி என்ற பெயரில் அவருக்கு அவ்வளவுதான் வாயில் நுழையும். நான் குக்கரைத் தட்டினால் சோறு வேகவும் அவர் வாசலில் லோரியை நிறுத்தவும் சரியாக இருக்கும். மற்றவர்கள் வீட்டில் புருஷன் வருவதைக் கடிகாரத்தில் பார்ப்பார்கள், எங்கள் வீட்டில் குக்கரில் பார்த்தோம்.

விமலன் ஒரு பாட்டில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

"அங்கிள் எங்க வந்துட்டாரு?"

என் போனை எடுத்துப் பார்ப்பதுபோல் பார்த்தேன். "சுங்கை பூலோ. டீ குடிக்கிறார்."

"இங்க பொண்டாட்டி ரோட்பிளாக்ல, அங்க அவரு டீ குடிக்கிறாரா?"

"அவர் அப்படித்தான். அவசரப்பட்டா லோரி கவுந்துரும்னு சொல்வார்."

"வந்து திட்டுவாரா?"

"திட்டமாட்டார். சிரிப்பார். சனிக்கிழமை சாயங்காலம் ஒருத்தர் விடாம எல்லார்கிட்டயும் சொல்லிச் சிரிப்பார். என் பொண்டாட்டிய குடிச்சிட்டு ஓட்டுனதுக்குப் போலீஸ் புடிச்சிதுடா, நான் போயி மீட்டுட்டு வந்தேன்டான்னு."

சொல்லும்போது எனக்கே சிரிப்பு வந்தது. விமலனும் சிரித்தார். அந்தக் கூடாரத்தில், குடிகாரர்கள் நாற்காலியில், மழைத் தூறலைப் பார்த்துக்கொண்டு நான் சந்தோஷமாக இருந்தேன் என்று சொன்னால் யாரும் நம்பமாட்டார்கள். ஒரு வருஷத்துக்குப் பிறகு எனக்கு வருகிறவர் ஒருவர் இருந்தார்.

கேரியரைக் காட்டி, சாப்பிடு தம்பி என்றேன். டூட்டியில் சாப்பிடக் கூடாது என்று போய்விட்டார். அடுத்த தடவை அவர் வந்து கேட்டபோது வீட்டுக்காரரைப் பக்கத்து ஊர் ஷா ஆலமுக்குக் கொண்டுவந்துவிட்டேன். அதற்குமேல் கொண்டுவர எனக்குப் பயமாக இருந்தது. ஷா ஆலமிலேயே நிறுத்தி வைத்தேன். ஜாம் என்றேன்.

சீன அங்கிளை மருமகள் வந்து அழைத்துப்போனாள். பையனை அவன் அண்ணன்மார் கொண்டுபோனார்கள். மற்ற நாற்காலிகளை மடித்து லோரியில் ஏற்றத் தொடங்கினார்கள். ரோட்டில் கூம்புகளை ஒவ்வொன்றாக எடுத்தார்கள். இன்ஸ்பெக்டர் தூரத்தில் நின்று விமலனிடம் என் வேனைக் காட்டி ஏதோ கேட்டார். விமலன் ஓர் அட்டையில் தாளைச் செருகிக்கொண்டு வந்தார். முகத்தில் இப்போது சிரிப்பு இல்லை.

"மூடப் போறோம் ஆன்டி. இன்ஸ்பெக்டர் கேக்குறாரு. அங்கிள் உண்மையிலேயே பக்கத்துல இருந்தா நான் சொல்லி நிறுத்தி வைக்கிறேன். பேரு சொல்லுங்க."

"சின்னையா."

"நம்பர்?"

எனக்கு மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் அது. என் நம்பரையே நான் பார்த்துத்தான் சொல்வேன். அவர் தாளில் எழுதிக்கொள்வார் என்று நினைத்துக் கடகடவென்று சொல்லிவிட்டேன். அவர் எழுதவில்லை. தன் போனில் அடித்துக் காதில் வைத்தார்.

என் காலடியில் லோரி ஹார்ன் அலறியது.

அது அவருடைய ரிங்டோன். லோரிக்காரனுக்கு வேறு என்ன பாட்டு வேண்டும் என்று அவரே வைத்தது. சாப்பாட்டு மேசையில் அது அடிக்கும்போதெல்லாம் நான் திட்டுவேன். இலைக்குப் பக்கத்தில் இருந்ததை எல்லாம் ஒரே அள்ளாக அள்ளினேனே, அதில் சிகரெட்டோடு அதுவும் வந்திருக்கிறது. துணிப்பைக்குள் வெளிச்சம் தெரிந்தது. பெண் போலீஸ் லோரி வருகிறதென்று ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

நான் அசையவில்லை. எடுத்து அணைக்கவும் கை வரவில்லை. ஹார்ன் அடித்துக்கொண்டே இருந்தது. விமலன் காதில் போனோடு என் பையைப் பார்த்தார். பிறகு கேரியரை, சிகரெட் பெட்டியை, கடைசியில் என்னை. பெரியவங்களுக்கு என்று நான் சொன்னதை அவர் நினைத்துப் பார்ப்பது எனக்குத் தெரிந்தது. அந்த முகம் இப்போது வந்துவிடும் என்று காத்திருந்தேன். தலை சாயும், குரல் தாழும்.

அவர் ரோட்டைப் பார்த்தார். ஹார்ன் தானாக ஓயும் வரைக்கும் போனைக் காதிலிருந்து எடுக்கவில்லை.

"எடுக்க மாட்டேங்கிறாரு ஆன்டி," என்றார். "காடி ஓட்டிக்கிட்டு இருப்பாரு."

"ஓட்டும்போது எடுக்கமாட்டார்," என்றேன்.

"அதான் சரி. நல்ல டிரைவர் எடுக்க மாட்டாரு."

அட்டையிலிருந்து தாளை உருவி, மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். போய் அந்தச் சின்னக் கருவியைக் கொண்டுவந்தார். "நேரமாச்சி, இப்ப ஊதிப் பாருங்க," என்றார். ஊதினேன். அழுதுகொண்டே ஊதியதால் முதல் தடவை காற்று போதவில்லை. மறுபடி ஊதச் சொன்னார். விளக்கு பச்சையாக எரிந்தது. அதைக் கொண்டுபோய் இன்ஸ்பெக்டரிடம் காட்டினார். இன்ஸ்பெக்டர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார்.

சாவியை என் கையில் வைக்கும்போது விமலன் சொன்னார். "நீங்களே ஓட்டிட்டுப் போங்க. அங்கிள நேரா வீட்டுக்கே வந்துரச் சொல்லிடுங்க. இங்க லோரி நிறுத்த எடம் இல்ல."

"சொல்றேன்," என்றேன்.

"அந்த கேரியர வச்சிட்டுப் போங்க. படையல் சோறு திருப்பி வீட்டுக்குப் போகக் கூடாது. டூட்டி முடிஞ்சி நான் சாப்பிடுறேன்."

எடுத்துக் கொடுத்தேன். பைக்குள் போன் அணைந்து இருட்டாகக் கிடந்தது. அவர் அதைப் பார்க்காததுபோல் கேரியரை மட்டும் வாங்கிக்கொண்டார்.

பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போகவில்லை. சிவநேசன் மீதிருந்த கோபம் எங்கே போனதென்று தெரியவில்லை. அந்தக் கிளாஸை இன்னொரு தடவை எடுக்க அவருக்கும் தைரியம் வந்திருக்காது. மேம்பாலத்தைச் சுற்றி வேனைத் திருப்பினேன். முன் சீட்டில் துணிப்பையை வைத்து, சீட் பெல்ட்டை அதன் மேல் மாட்டினேன். கண்ணாடியில் பார்த்தபோது நாற்காலிகளில் கடைசியாக என்னுடையதை மடித்துக்கொண்டிருந்தார்கள்.

வீட்டில் எல்லாம் நான் விட்டுவிட்டுப் போன மாதிரியே இருந்தது. வாடிய இலை, கவிழ்த்து வைத்த கிளாஸ், அவர் படம். பையிலிருந்து போனை எடுத்துத் துடைத்தேன். 'ஒரு மிஸ்டு கால்' என்று காட்டியது. ஒரு வருஷத்தில் அவரை ஒருவர் கூப்பிட்டிருக்கிறார். அதை அழிக்காமல் படத்துக்குப் பக்கத்தில் வைத்தேன்.

அடுப்பில் பானைச் சோறு இன்னும் நிறைய இருந்தது. இருந்தாலும் அரிசி எடுத்தேன். இரண்டு பேருக்கு அளந்து, களைந்து, ரைஸ் குக்கரைத் தட்டினேன்.